உறுதி நனைந்தால் காணி போய்விடுமா?

"மூதூரில் இருக்கிறோம். மாரி வந்தால் மகாவலித் தண்ணீர் வாசல் வரை வரும். போன முறை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த காணி உறுதி நனைந்து தாள்கள் ஒட்டிவிட்டன. காணியே போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார். அடுத்த மாரிக்கு முன் என்ன செய்து வைக்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தாள் நனைந்ததால் காணி போகாது. நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி, எழுதும் உறுதி ஒரு பிரதியோடு நிற்பதில்லை. மூலம் உங்கள் கையில், இன்னொன்று காணிப் பதிவகத்தில், மூன்றாவது நொத்தாரிசின் கோப்பில். திருகோணமலைப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

ஆனால் அதைத் தேடி எடுக்க அவர்களுக்கு உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவு விவரம் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு ஐயாவுக்குக் காணியின் நான்கு எல்லையும் தலைகீழ்ப் பாடம். நொத்தாரிசைப் பற்றிக் கேட்டால், "கறுப்புக் கண்ணாடி போட்டவர், கச்சேரிக்குப் பக்கத்தில் இருந்தவர்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு பெயருக்காக மாதக்கணக்கில் அலைந்தார். ஆகவே இன்றைக்கே அந்த விவரங்களை ஒரு கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். ஒரு பிரதியை ஆற்றங்கரையில் இல்லாத உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஃபோனில் எடுத்த படம் விவரம் பார்க்க உதவும், சட்டப்படி அது மூலத்துக்கு ஈடாகாது.

நனைந்த உறுதியை வெயிலில் போட வேண்டாம், அயன் பண்ணவும் வேண்டாம். ஒட்டிய தாள்களை இழுத்தால் எழுத்து கூடவே உரிந்து வரும். நிழலில், காற்றில் மெதுவாகக் காயட்டும். காய்ந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்னால் முத்திரையையும் கையொப்பத்தையும் சரிபார்ப்பது கஷ்டம். எழுத்து அழிந்திருந்தாலும் எறியாதீர்கள். மூடி இறுக்கமான பால்மா டின்னில், பொலித்தீன் பைக்குள் போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களும் அதே டின்னுக்குள் போகட்டும்.

அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்கி, ஜி.எஸ். (கிராம சேவகர்) ஊடாக விண்ணப்பியுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், கழுவுவதற்கு முன் சுவரில் சேற்றுக் கோடு தெரியும்படி படம் எடுத்து ஜி.எஸ்.ஸிடம் காட்டுங்கள். கழுவிய பிறகு எவ்வளவு உயரம் வந்தது என்று நிரூபிப்பது கடினம். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இதுவரை சொன்னது நொத்தாரிசு உறுதிக்கு. உங்களுடையது அரச காணி அனுமதிப்பத்திரமா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் நிறையப் பேரிடம் இருப்பது அதுதான், அதையும் உறுதி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும், தொலைந்தால் அங்கேதான் போக வேண்டும். அதில் பின்னுரித்தாளர் (அனுமதிக்காரருக்குப் பிறகு காணி சேர வேண்டியவர்) பெயர் இருக்கிறதா என்பதை நான் உறுதி நனைந்ததைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பெயர் போடாமல் அனுமதிக்காரர் இறந்த குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அற்றோணித் தத்துவம் (நமக்காகச் செயற்படும் அதிகாரம்) கொடுத்திருக்கிறோம், அது போதும் என்று சிலர் இருப்பார்கள். கொடுத்தவர் இறந்ததும் அது செல்லாது. அனுமதிப்பத்திரம் அம்மா பெயரில் என்றால், மாரிக்கு முன் ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் வாருங்கள்.