ஃப்ளோரசீன், ரோடமின் இருக்கும்போது செல்களைப் பார்க்கப் புதிய ஒளிரும் சாயங்கள் ஏன்? அவற்றை எப்படி வடிவமைக்கிறார்கள்?

ரோடமின் வகைச் சாயங்களைத் தயாரிப்பதுதான் என் வேலை என்பதால், தெரிந்த பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

ஃப்ளோரசீனை அடால்ஃப் ஃபான் பேயர் 1871-லேயே தயாரித்துவிட்டார். ரோடமினும் அதே நூற்றாண்டில் வந்ததுதான். இரண்டும் நல்ல சாயங்கள். ஆனால் உயிருள்ள செல் கேட்பது அதிகம். சாயம் தானாகச் சவ்வைத் தாண்டி உள்ளே போக வேண்டும், வேண்டிய புரதத்தில் மட்டும் ஒட்ட வேண்டும், லேசர் பட்டதும் வெளுத்துப்போகக் கூடாது.

ரோடமின் வகையில் அதிகம் பயன்படும் டெட்ராமெத்தில்ரோடமினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியை உறிஞ்சியதும் அதன் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு முறுக்கிக்கொள்ளும். அப்போது பாதிக்கு மேல் ஆற்றல் வெளிச்சமாக வராமலே வீணாகிறது. அமெரிக்காவின் ஜெனீலியா ஆய்வு மையத்தில் லூக் லேவிஸ் குழு, ஒவ்வொரு நைட்ரஜனிலும் இருந்த இரண்டு மெத்தில்களை (ஒரு கார்பன் கொண்ட சின்னத் தொகுதிகள்) எடுத்துவிட்டு, அசெட்டிடின் என்ற நான்கு அணு வளையத்தைப் பொருத்தியது. அவ்வளவுதான் மாற்றம். குவாண்டம் விளைச்சல், அதாவது உறிஞ்சிய ஒளியில் திரும்ப ஒளியாக வரும் பங்கு, 0.41-லிருந்து 0.88-க்கு ஏறியது (2015). வளையத்தை ஆறு அணுவாக்கினால் ஒளிர்வு படுத்துவிடும். இத்தனை சின்ன மாற்றத்துக்கு இத்தனை பலன் கிடைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் தாளில் வரைந்தால் போதாது, செய்ய முடிய வேண்டும். பழைய முறையில் கடும் அமிலமும் சூடும் தேவை. மென்மையான தொகுதிகள் அதில் பிழைக்காது. ஃப்ளோரசீனை டிரைஃப்ளேட்டாக (எளிதில் கழன்று வேறு தொகுதிக்கு இடம் விடும் வடிவம்) மாற்றி, பல்லேடியம் வினையூக்கியால் விரும்பிய அமீனை (நைட்ரஜன் கொண்ட தொகுதி) இணைக்கும் வழி வந்த பிறகுதான் இத்தனை வகைகளைச் செய்து பார்க்க முடிந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான திருப்பம் அதுதான்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரோடமினுக்கு இரண்டு வடிவம் உண்டு. இங்கே வளையம் என்பது அசெட்டிடின் அல்ல, சாய மூலக்கூறிலேயே மூடித் திறக்கும் வேறொன்று. அது மூடிய வடிவமான லாக்டோன் நிறமற்றது, ஒளிராது, சவ்வை எளிதாகத் தாண்டும். வளையம் திறந்தால் நிறமும் ஒளியும் வரும். மூலக்கூறில் சிலிக்கான் அணு உள்ள ரோடமினைக் கரைப்பானில் கரைத்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். அதை டிஎல்சி தட்டில் (சேர்மங்களைப் பிரித்துப் பார்க்க உதவும், சிலிக்கா பூசிய தட்டு) ஒரு பொட்டு வையுங்கள். சிலிக்கா பட்ட இடம் நீலமாக மாறும். செல்லுக்குள்ளும் இதே கதைதான். ஹேலோடேக் புரதத்தில் (பார்க்க விரும்பும் புரதத்தோடு இணைத்துவிடும், சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் அடையாளப் புரதம்) ஒட்டியதும் வளையம் திறந்துகொள்கிறது. ஒட்டாமல் மிதக்கும் சாயம் பெரும்பாலும் இருட்டாகவே இருப்பதால், கழுவாமலே தெளிவான படம் கிடைக்கிறது. அசெட்டிடினில் ஒரு ஃப்ளோரினைச் சேர்த்தால் சமநிலை இன்னும் மூடிய பக்கம் சாயும். அதற்காக அளவுக்கு மீறிச் சாய்த்தால், புரதத்தில் ஒட்டிய பிறகும் வளையம் சரியாகத் திறக்காது. வடிவமைப்பின் கஷ்டம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

2021-இல் அதே குழு, நைட்ரஜனை ஒட்டிய தொகுதிகளில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தைப் போட்டுப் பார்த்தது. வெளிச்சமும் கூடியது, சாயம் வெளுப்பதும் குறைந்தது.