டாக்டர் ஹூ: வீட்டில் இருப்பவர்களை எங்கிருந்து பார்க்க வைப்பது?

கேள்வி: கல்லூரி நாட்களிலிருந்தே நான் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ ரசிகன். அவ்வப்போது வேறு ஆளாக உருமாறி, ஒரு நீலப்பெட்டியில் காலத்தில் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகத்தாரின் தொடர் அது. மனைவியையும் பத்தாவது படிக்கும் மகளையும் இதில் இழுத்துவிட ஆசை. நின்றுபோன தொடர் மறுபடி தொடங்கியபோது 2005இல் வந்த ‘ரோஸ்’ எபிசோடைப் போட்டேன். தெருவோரக் குப்பைத்தொட்டி ஓர் ஆளை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுமே, அந்த இடத்தில் மகள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். மனைவி, “இதையா இத்தனை வருஷமா பாக்குறீங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். 1963இலிருந்து வரிசையாகப் போடலாமா? இல்லை, எல்லோரும் சொல்வதுபோல ‘பிளிங்க்’ எபிசோடைக் காட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த இரண்டு யோசனைகளும் எல்லா ரசிகர்களுக்கும் வருபவைதான். ஏன் சரிப்படாது என்று முதலில் பார்த்துவிடலாம்.

முதல் எபிசோடு ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனே அந்தச் செய்தியில் மூழ்கிக் கிடந்ததால், அடுத்த வாரம் அதே எபிசோடை மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். முப்பதைத் தொடாத வெரிட்டி லாம்பர்ட் தயாரிப்பாளர். லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன் இயக்குநர். விசித்திரமான ஒரு மாணவியை அவளுடைய ஆசிரியர்கள் இருவர் பின்தொடர்ந்து பழைய இரும்புக் கிடங்குக்குள் நுழைகிறார்கள். அந்த 25 நிமிடம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கடுத்த மூன்று எபிசோடுகளில் கற்கால மனிதர்கள் தீ யாருக்குச் சொந்தம் என்று அடித்துக்கொள்வார்கள். உங்கள் மகள் அதைத் தாண்ட மாட்டாள். நீங்களே தாண்டியிருக்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

அப்படியே பிடிவாதமாக வரிசையாகப் போக நினைத்தாலும் முடியாது. பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதில், அறுபதுகளின் எபிசோடுகளில் நூற்றுக்கு நெருக்கமானவை இன்று படமாக இல்லை. ஒலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 2023இல் பிபிசி தன் இணைய ஒளிபரப்புத் தளமான ஐபிளேயரில் பழையது புதியது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தபோதுகூட, உரிமைச் சிக்கலால் அந்த முதல் கதை மட்டும் இடம்பெறவில்லை.

‘பிளிங்க்’ வேறு விஷயம். 2007இல் வந்த அந்த எபிசோடைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பார்த்துக்கொண்டே இருந்தால் கல்சிலை; கண்ணை இமைத்தால் பக்கத்தில் வந்து நிற்கும். யாரையும் கட்டிப்போட்டுவிடும். சிக்கல் அதன் பிறகு. அதில் டாக்டர் வருவதே சில நிமிடங்கள்தான், அதுவும் பெரும்பாலும் டிவிடியில் தெரியும் முகமாக. படப்பிடிப்பு நாட்கள் போதாமல், கதாநாயகனை அதிகம் பயன்படுத்தாத ஒரு கதையை அந்தக் காலத்தில் சீசனுக்கு ஒன்று எடுத்துவந்தார்கள். அதில் ஒன்று இது. கேரி மல்லிகன் நடித்த சாலி ஸ்பாரோதான் கதையைச் சுமக்கிறாள், அவள் திரும்பி வரவே மாட்டாள். சரி, பிடித்துப்போய் அடுத்ததைத் தட்டினால் ‘யுடோப்பியா’. டாக்டரின் பழைய எதிரி யார் என்று தெரிந்தவனுக்கு மட்டுமே அதன் கடைசிப் பத்து நிமிடம் தூக்கிவாரிப் போடும். புதிதாக வந்தவர் “யார் இந்தக் கிழவர்?” என்பார். ‘பிளிங்க்’ தனியாகப் பார்க்க அருமையான ஒரு குறும்படம், ஆனால் அதன் வழியாகத் தொடருக்குள் போக முடியாது.

அறுபது வருடத் தொடரில் உள்ளே போக நல்ல வாசல்கள் சிலதான் இருக்கின்றன. டாக்டர், அவருடன் பயணம் செய்பவர், எழுத்துப் பொறுப்பாளர் மூவரும் ஒரே நேரத்தில் மாறும் இடங்கள் அவை. அந்தச் சமயத்தில் எழுத்தாளர் எதையும் ‘உங்களுக்குத்தான் தெரியுமே’ என்று விட்டுவிட முடியாது. ஒன்றுமே தெரியாதவருக்காக எழுதியாக வேண்டும். 2005, 2010, 2018, அப்புறம் 2023 கிறிஸ்துமஸ். இதில் 2005 உங்கள் வீட்டில் ஏற்கெனவே தோற்றுவிட்டது. ஒருமுறை ஏளனமாகச் சிரித்த இடத்துக்கே மறுபடி கூட்டிப்போனால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

படம் பளிச்சென்று இருக்கிறது என்பதால் பலர் 2023ஐச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஷூட்டி காட்வா டாக்டராக வரும் கதை இரண்டே சீசனில், 2025 மே மாதம் முடிகிறது. கடைசி நொடிகளில் அவர் உருமாறுகிறார், திரையில் தெரிவது பில்லி பைப்பர். 2005இல் டாக்டருடன் பயணம் செய்த ரோஸாக நடித்தவர் அவர் என்று தெரியாதவருக்கு அது யாரோ ஒரு பெண், அவ்வளவுதான். 2018இல் ஜோடி விட்டேக்கர் டாக்டரான காலத்தில் எனக்குப் பிடித்த கதைகள் உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் மூன்று துணைப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தித் திணறும் தொடக்கம் அது.

ஆகவே 2010. ‘தி லெவன்த் அவர்’, 2005இலிருந்து எண்ணினால் ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடு. மேட் ஸ்மித் டாக்டர், ஸ்டீவன் மொஃபட் எழுத்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும்.

அதன் முதல் காட்சிகளைக் கவனியுங்கள். லெட்வர்த் என்ற கிராமம். ஏழு வயதுச் சிறுமி அமீலியா தன் அறைச் சுவரில் உள்ள விரிசலைப் பற்றி சாண்டாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஈஸ்டர் சமயத்தில். தோட்டத்தில் ஒரு நீலப்பெட்டி விழுந்து நொறுங்குகிறது. உள்ளிருந்து சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் ஏறி வந்து ஆப்பிள் கேட்கிறான். கடித்துத் துப்புகிறான். தயிர், துப்புகிறான். பன்றி இறைச்சி, பீன்ஸ், எதுவும் இறங்கவில்லை. ரொட்டியும் வெண்ணெயும் தட்டோடு வாசலுக்கு வெளியே பறக்கிறது. கடைசியில் மீன் துண்டுகளைக் கஸ்டர்டில் தோய்த்துத் தின்று முடிக்கிறான். அவனுக்கு உடம்பு புதுசு, நாக்கும் புதுசு, தனக்கு எது பிடிக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டர் உருமாறுபவர் என்ற விஷயம் ஒரு வரி விளக்கம் இல்லாமல் அந்த அடுப்படியிலேயே புரிந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுமி எதற்கும் பயப்படவில்லை. அப்படிப்பட்டவள் சுவர் விரிசலுக்குப் பயப்படுகிறாள் என்றால், விரிசலில் ஏதோ இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று பெட்டியில் ஏறிப் போகிறான். சிறுமி பெட்டி படுக்கையோடு தோட்டத்தில் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வரும்போது 12 வருடம் போயிருக்கிறது. வளர்ந்துவிட்ட அவள் அவன் மண்டையில் கிரிக்கெட் மட்டையால் போடுகிறாள். பெட்டி காலத்தில் பயணம் செய்யும் என்பதும், ஓட்டுநரை நம்ப முடியாது என்பதும், அதில் காயப்படுவது கூட வருபவர்கள்தான் என்பதும் இதிலேயே வந்துவிட்டன. முடிவில் மருத்துவமனை மொட்டை மாடியில், இதற்கு முன் இருந்த பத்து டாக்டர்களின் முகங்களும் வரிசையாக வந்து போகும், அவற்றின் ஊடாக இந்த முகம் நடந்து வரும். ஐம்பது வருட முன்கதைக்கு அது போதும்.

உங்கள் மனைவிக்கு ரப்பர் முகமூடி, ஏப்பம் விடும் குப்பைத்தொட்டி இதெல்லாம்தான் ஒவ்வாமை என்றால், இதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம்: 2008இன் ‘மிட்நைட்’. ஒரு சுற்றுலா வண்டி, பழுதாகி நடுவழியில் நிற்கிறது. உள்ளே சில பயணிகள். கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். அதன் பிறகு ஒரு பெண் மற்றவர்கள் பேசுவதையெல்லாம் திருப்பிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அப்புறம் அவர்களுடன் சேர்ந்தே சொல்கிறாள். அப்புறம் அவர்களுக்கு முன்னாலேயே. பூதம் எதையும் நமக்குக் காட்டவே மாட்டார்கள். பயந்துபோன நல்ல மனிதர்கள் அடுத்தவரை வெளியே தள்ளிவிடலாமா என்று ஓட்டெடுக்கும் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்பதுதான் கதை. சீரியஸான நாடகம் பிடித்தவர்கள் யாரும் இதில் எழுந்து போவதில்லை.

‘தி லெவன்த் அவர்’ பிடித்துவிட்டால் அந்த சீசனிலேயே தொடருங்கள். மூன்றாவது எபிசோடு, வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு பாத்திரமாக வரும் ‘விக்டரி ஆஃப் த டாலெக்ஸ்’, சுமார்தான். அதை விட்டுவிட்டாலும் குடி முழுகிப்போகாது. நான்காவதுக்கு முன்னால் நில்லுங்கள். அந்தக் கல்சிலைகள் திரும்பி வரும் இரண்டு பாகக் கதை அங்கேதான் தொடங்குகிறது. ‘பிளிங்க்’ காட்டச் சரியான நேரம் அதற்கு முந்தின இரவு. டாக்டர் இடத்தில் டேவிட் டென்னன்ட் இருப்பார். மொட்டை மாடிக் காட்சியில் பார்த்த முகம் என்பதால் உங்கள் மகளே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள்.

பத்தாவது எபிசோடு ‘வின்சென்ட் அண்ட் த டாக்டர்’, ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதியது. ஓவியர் வான்கோவை வைத்து. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் முடியும் அதைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. புதிதாகப் பார்ப்பவர்களை விரட்டுவது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்தான். நிறுத்தி நிறுத்தி விளக்காதீர்கள். “இப்ப வருது பாரு” வேண்டாம். “போகப் போக நல்லாயிருக்கும்” வேண்டவே வேண்டாம், இப்போது நன்றாக இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கேட்டால் மட்டும், ஒரே வாக்கியத்தில் பதில். அந்த நீலப்பெட்டி ஏன் போலீஸ் பெட்டி? அறுபதுகளில் பிரிட்டிஷ் தெருக்களில் போலீஸைக் கூப்பிட இப்படித் தொலைபேசி வைத்த பெட்டிகள் நின்றன. போகும் இடத்துக்கேற்ப உருவம் மாறவேண்டிய காலப் பயண எந்திரம், பழுதாகி அந்த உருவத்திலேயே மாட்டிக்கொண்டது. ஏன் ஆள் மாறுகிறார்? 1966இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியவில்லை, தொடரை நிறுத்த மனமில்லாமல் கண்டுபிடித்த வழி அது. இதற்கு மேல் பேசத் தொடங்கினால் உங்களால் நிறுத்த முடியாது, எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கண்ணீர் வரவழைத்த எபிசோடுகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ‘டூம்ஸ்டே’ முடிவில் அந்தக் கடற்கரைக் காட்சி உங்களை உலுக்கியது, அதற்கு முன்னால் ரோஸோடு இரண்டு சீசன் வாழ்ந்ததால். ‘ஹெவன் சென்ட்’ இன்னும் மோசம். டாக்டராக பீட்டர் கபால்டி தனியாக ஒரு கோட்டைக்குள் சுற்றும் அதை நான் இந்தத் தொடரின் உச்சம் என்பேன், ஆனால் முதல் நாள் பார்ப்பவருக்கு அது விடுகதை.

ஒரு நடைமுறைத் தொல்லை. எண்ணிக்கையை 2005இல் புதிதாகத் தொடங்கினார்கள், 2024இல் மறுபடி ஒன்றிலிருந்து. ஆகவே ‘சீசன் 1’ என்று மூன்று இருக்கின்றன. மகள் தானாகத் தேடிப் போட்டால் எதில் போய் விழுவாள் என்று சொல்ல முடியாது; ஆண்டைச் சொல்லிக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் சிறப்புக் கதைகளைப் பல இடங்களில் சீசனுக்கு வெளியே தனியாக வைத்திருப்பார்கள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் மைக்கேல் கேம்பன் நடித்த ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ இருக்கிறது, அதைத் தவறவிடுவது பாவம்.

மகளுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் 2018இன் ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ ஒன்றைத் தனியாகக் காட்டலாம். வினய் பட்டேல் எழுதியது. டாக்டருடன் பயணம் செய்யும், ஷெஃபீல்டில் வளர்ந்த யாஸ், தன் பாட்டியின் இளமைக் கதையைத் தெரிந்துகொள்ள 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். எல்லைக்கோடு போடும் நாளில் அங்கே ஒரு கல்யாணம். வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள், ஆனால் கொலைக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

பழைய தொடர் பக்கம் எப்போது போவது? அவர்களாகக் கேட்கும்போது. அப்போதும் 1963 வேண்டாம், 1979இன் ‘சிட்டி ஆஃப் டெத்’. அப்போதைய டாக்டர் டாம் பேக்கரின் நீளக் கழுத்துத்துணி, பாரிஸ் தெருக்கள், மோனாலிசா திருட்டு. வசனத்தில் பெரும்பகுதி டக்ளஸ் ஆடம்ஸ் கைவண்ணம். நான்கு பாகம், ஒவ்வொன்றும் 25 நிமிடம். நான்கையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். வாரம் ஒன்று பார்ப்பதற்காக எடுத்தவை அவை, ஒவ்வொரு பாகமும் ஆபத்தான இடத்தில் நிற்கும். ராத்திரிக்கு ஒன்று என்றால் சரியாக இருக்கும்.

‘தி லெவன்த் அவர்’ முடிந்தும் மனைவி அசையவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள். மகளோடு பாருங்கள், அவர் இருக்கும் அறையிலேயே, சத்தம் கொஞ்சம் கூட்டி.