டெம்ப்ளேட்டில் ஓர் இஃப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நூலகத் தளத்தில், இரவல் வாங்கிய நூலை இந்த உறுப்பினர் புதுப்பிக்கலாமா என்று, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் டெம்ப்ளேட்டிலிருந்தே ஒரு ஃபங்ஷனைக் கேட்க வேண்டும். தளம் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் இருக்கிறது; அதன் டெம்ப்ளேட்டில் ஃபங்ஷனுக்கு மதிப்பு அனுப்ப முடியவில்லை. ஜின்ஜா என்ற வேறு டெம்ப்ளேட் மொழிக்கு மாறிவிடலாமா? எங்கள் குழுத்தலைவரோ டெம்ப்ளேட்டில் 'இப்படி இருந்தால் இதைக் காட்டு' என்னும் இஃப் (if) என்பதே கூடாது என்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாறுங்கள், மாறாதிருங்கள். 2005ல் வந்த ஜாங்கோ வேண்டுமென்றேதான் கையைக் கட்டிப்போட்டது. 2008ல் வந்த ஜின்ஜா2 கட்டைக் கொஞ்சம் அவிழ்த்தது. இரண்டிலும் நான் குப்பை எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 'புதுப்பிக்கலாமா' என்ற சொல்லைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. பல வருடங்களுக்கு முன் நானும் ஒரு நூலகத்துக்கு நிரல் எழுதினேன். கெடு தாண்டவில்லை, வேறு யாரும் முன்பதிவு செய்யவில்லை என்றால் புதுப்பிக்கலாம். இரண்டே நிபந்தனை, இதற்கெல்லாம் ஒரு ஃபங்ஷனா என்று டெம்ப்ளேட்டிலேயே இஃப் போட்டேன். நினைவூட்டல் மின்னஞ்சலுக்கும் அதையே வெட்டி ஒட்டினேன். பிறகு மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது என்று விதி மாறியது. பக்கத்தைத் திருத்தினேன், மின்னஞ்சலை மறந்தேன். 'புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று மின்னஞ்சல் போகும்; வந்து பார்த்தால் பொத்தான் இருக்காது. பாவம், உறுப்பினர்கள் தங்களுக்குத்தான் கணினி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கும் ஒரு பிழைச்செய்திகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், எத்தனை இஃப் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பட்டியல் காலியா, 'ஒன்றுமில்லை' என்று காட்டு: இது டெம்ப்ளேட்டின் வேலை. இதையும் பைத்தானுக்குத் துரத்தினால் உங்கள் தலைவர் அங்கே உட்கார்ந்து எச்டிஎம்எல் துண்டுகளை ஒட்டுவார். அவை அப்படியே தெரிய வேண்டுமென்று எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடும் தானியங்கி எஸ்கேப்பிங்கை அணைப்பார். யாரோ பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புவார்கள், அது பக்கத்தைப் பார்ப்பவரின் உலாவியில் ஓடும். ஆனால் பக்கத்தை எடுத்துவிட்டு வெறும் மின்னஞ்சலாக அனுப்பினாலும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்றால், அது காட்சி இல்லை. அது நூலகத்தின் விதி. அதற்கு டெம்ப்ளேட்டில் என்ன வேலை? அங்கே அதைச் சோதிக்க முழுப் பக்கத்தையும் உருவாக்கி அதற்குள் பொத்தானைத் தேட வேண்டும். ஃபங்ஷனாக இருந்தால் மூன்று வரி.

மதிப்பு அனுப்ப முடியவில்லை என்று ஜாங்கோ மீது எரிச்சல் படுகிறீர்களே, அது உங்களை, டெம்ப்ளேட்டுக்குத் தரவைத் தயார்செய்து தரும் பைத்தான் பகுதியான வியூவுக்குப் போகச் சொல்கிறது ஐயா! அங்கேயே கேட்டு, விடையை மட்டும் டெம்ப்ளேட்டுக்கு அனுப்புங்கள். நூறு இரவலுக்கு நூறு முறை தரவுத்தளத்தைத் தட்டும் தொல்லையையும் அங்கேதான் அடக்க முடியும்.

தலைவரிடம் இதைக் காட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் எங்கேயோ சூடுபட்டவராகத்தான் இருப்பார்.