இருட்டில் தேடும் பை

அலைக்கரையில் தூண்டில் வீசுகிறவர்களின் கேள்விகளில் இந்த முறை பை பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். அத்தனை கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன.

கேள்வி: அலைக்குள் தூண்டில் வீசத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. முதுகில் மாட்டும் பெரிய பையாக வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. சிறிய பைக்கு மாறினால் வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். எந்த அளவு சரி?

பதில்: நீங்கள் நிற்கிறவரா, நடக்கிறவரா? அதைச் சொல்லாமல் அளவை மட்டும் கேட்கிறீர்கள். முள்ளில் இரை கோத்து வீசிவிட்டு, கோலை மணலில் ஊன்றிய குழாயில் செருகி, மீன் கடிக்கும்வரை காத்திருப்பவருக்குப் பையே வேண்டியதில்லை. மூடியுள்ள வாளி ஒன்று போதும். அலை எட்டாத மேட்டில் அதை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். உள்ளே எதை எவ்வளவு வைத்தாலும் கேட்க ஆளில்லை.

லூர் எனப்படும் பொய்மீனை வீசிக்கொண்டே முழங்கால் தண்ணீரில் நடப்பவர் கதை வேறு. அவர் உடம்பில் மாட்டியிருப்பதுதான் அவருடைய கடை. ஒரு சாண் அகலத்துக்குச் சற்றே கூடுதலான பை, அதில் நான்கைந்து பொய்மீன்கள், முன்னால் ஒரு சிறிய அறை; அவ்வளவே. எல்லாம் நிறைத்தபின் இரண்டரைக் கிலோவைத் தாண்டினால் நான் ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துவிடுவேன். இது என் வீட்டுச் சட்டம். நீங்கள் இரண்டாகவும் வைத்துக்கொள்ளலாம், மூன்றாகவும் வைத்துக்கொள்ளலாம். சட்டம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

அளவைவிட எனக்கு முக்கியம் பையின் அடிப்பக்கம். என் முதல் பைக்குப் பதினான்கு அறைகள். வாங்கிய அன்று இரவு அவற்றை நிரப்புவதிலேயே தூக்கம் போயிற்று. மூன்றாம் நாள் தொடையளவு நீரில் நின்றிருந்தபோது ஓர் அலை இடுப்புக்கு மேலே வந்து போனது. அலை போயிற்று, பைக்குள் புகுந்த தண்ணீர் போகவில்லை. ஏழெட்டு லிட்டர் கொள்ளும் பை, அடியில் ஒரு துளைகூட இல்லை. ஒரே தோளில் ஏழெட்டுக் கிலோ புதிதாகத் தொங்குகிறது; திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டு போகிறது; அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. கோலைக் கைவிட்டு, நான்கு காலில் கரையேறினேன். கோல் மறுநாள் காலை ஒதுங்கிக் கிடைத்தது. ரீல் மட்டும் அன்றோடு சரி.

ஆகவே கடையில் பையைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நான்கு மூலையிலும் வளையம் அடித்த துளைகள் இருக்க வேண்டும். தோள்வாரோடு இடுப்புவாரும் வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் பை சுழன்று முன்னால் வந்து முழங்கையில் இடிக்கும். இரண்டு வாரும் ஒரு கையால் அழுத்தினால் கழலும் பக்கிளாக இருக்கட்டும். விழுந்துவிட்டால் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

கேள்வி: பையை அழகாக அடுக்கிக்கொண்டுதான் கிளம்புகிறேன். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கொத்தாக வருகிறது. இரவில் சொல்லவே வேண்டாம்.

பதில்: மூன்று முனைக் கொக்கிகளை ஒரே அறையில் போட்டால் அவை கல்யாணம் செய்துகொள்ளும், பிரிக்க முடியாது. ஒவ்வொரு பொய்மீனுக்கும் தனிக்குழாய் வேண்டும். குழாய் வைத்த பைகள் கிடைக்கின்றன. இல்லையென்றால் மழைநீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயைப் பையின் உயரத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, இரண்டு வரிசையாகச் செருகிவிடலாம். குழாயின் அடி மூடியிருக்கக் கூடாது.

செருகும்போது வால் கீழே, தலை மேலே. தலைப்பக்கம் தகடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டைப் பிடித்து இழுத்தால் கொக்கி விரலில் படாது. பிறகு இடம். என் பையில் இடது ஓரக் குழாயில் எப்போதும் உலோக ஸ்பூன், அதாவது கரண்டி வடிவப் பொய்மீன். காற்று எதிர்த்து அடிக்கும்போது தூரம் போவது அது ஒன்றுதான். அதற்கு அடுத்தது மேலே மிதக்கும் மீன், பிறகு முங்கும் மீன். வலது ஓரக் குழாய் வெறுமையாகவே இருக்கும். கழற்றிய ஈர லூர் அதற்குள் போகும். எத்தனையோ முறை ஆசைப்பட்டும் அந்தக் குழாயை நான் நிரப்பியதில்லை.

வீட்டில் ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு நில்லுங்கள். 'ஸ்பூன்' என்று நீங்களே சொல்லி, நீங்களே எடுங்கள். அடுத்து 'முள்', அடுத்து 'கத்தரி'. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கரையில் தலைவிளக்கைப் போட்டுத் தேடினால் கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அத்தனை நேரமும் அலை வருவது தெரியாது. விளக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு.

கேள்வி: முள் கட்டிய தூண்டில் நரம்புகளைச் சுற்றிச் சுற்றி வைக்கிறேன். எடுக்கும்போது பறவைக்கூடு. என்ன செய்வது?

பதில்: ஒரு நரம்புக்கு ஒரு ஜிப் உறை. நான்கு விரலில் வளையமாகச் சுற்றி, கடைசி முனையை வளையத்துக்குள் இரண்டு தரம் நுழைத்து, உறையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். முள்ளின் அளவை உறையின் மேல் அழியாத மையால் எழுதுவது பகலுக்குச் சரி. இரவுக்காக நான் உறையின் மூலையைக் கத்தரித்துவிடுவேன். மூடும் விளிம்புக்கு மேலே, ஒரு மூலை வெட்டியிருந்தால் சிறிய முள், இரண்டும் வெட்டியிருந்தால் பெரியது. விரல் தடவிய உடனே தெரிந்துவிடும். ஆறு உறை எடுத்துப் போனால் ஓர் இரவுக்குத் தாராளம்.

கேள்வி: ஈயக்குண்டு எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: ஆறு. 100 கிராம் குண்டு பத்து சேர்ந்தால் ஒரு கிலோ என்பதைப் பலர் கூட்டிப் பார்ப்பதில்லை. நீரோட்டம் இழுக்கும் நாளில் மணலில் குத்தி நிற்கும் பிரமிடு வடிவம் நான்கு, அமைதியான நாளுக்கு எடை குறைந்த உருண்டை இரண்டு. பழைய துணியில் சுற்றிப் பையின் அடியில், உடம்பை ஒட்டிய பக்கம் வையுங்கள். கூடவே குண்டின் எடைக்கேற்ற முன்நரம்பும், அதாவது வீச்சின் வேகத்தைத் தாங்க முனையில் சேர்க்கும் தடித்த நரம்பும் வேண்டும். ஓர் அவுன்ஸுக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்பது பழைய கணக்கு. 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம் குண்டுக்கு 40 பவுண்டு. இதில் சிக்கனம் பார்த்தால் வீசும்போது நரம்பு அறுந்து, குண்டு யார் தலையைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை முள்ளெல்லாம் துருப்பிடித்துப்போகிறது. பையின் ஜிப்பும் நகரவில்லை. தரமில்லாத பையா?

பதில்: பைமேல் பழி போடாதீர்கள். மீன்பிடித்து வந்த இரவில் பையை மூடி மூலையில் போட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள், சரிதானா? கடல்நீர் உலர்ந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி நனைந்துகொள்ளும். ஆக, மூடிய பைக்குள் முள் தினமும் கடலில்தான் கிடக்கிறது. துருப்பிடிக்காத எஃகு வளையத்தோடு சாதாரண எஃகு முள் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகங்களில் இளைத்தது சீக்கிரம் அரிக்கும்.

வந்தவுடன், குளிப்பதற்கு முன்பே, பையை முழுதாகக் காலிசெய்து நல்ல தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். குழாய்களைக் கழற்றி ஆட்டி அலசுங்கள். லூர்களைத் தனியாக அலசி, கயிற்றில் மாட்டி நிழலில் உலர்த்துங்கள். மறுநாள் வரை எதுவும் பைக்குள் திரும்பக் கூடாது. பீய்ச்சியடிக்கும் குழாயால் கழுவாதீர்கள். மணல் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப்புக்கு பிளாஸ்டிக் பல் நல்லது, ஆனால் அதை இழுக்கும் தலை உலோகமாக இருந்தால் அதுவே இறுகும். மெழுகுவர்த்தியை ஜிப்பின் நீளத்துக்குத் தேய்த்துப் பாருங்கள். வெல்க்ரோ மூடியை நான் விரும்புவதில்லை. மணல் நிரம்பினால் பிடிக்காது, பிடித்தால் இருட்டில் கிழிபடும் சத்தம்.

கேள்வி: பொய் இரையாக மாட்டும் ரப்பர் புழுக்களைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். உருகிப் பெட்டியோடு ஒட்டிவிட்டன. வெயில்தான் காரணமா?

பதில்: வெயில் துணைக்குற்றவாளி. அவற்றை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மற்ற பிளாஸ்டிக்கில் ஊறி அதையும் இளக்கிவிடும். வாங்கிய உறையிலேயே இருக்கட்டும். வேறுவகைப் புழுக்களைக் கலந்து வைக்காதீர்கள்.

கேள்வி: பையில் ஒரே ஒரு கருவிதான் வைக்கலாம் என்றால் எதை வைப்பீர்கள்?

பதில்: கம்பி வெட்டும் வாயுள்ள நீள்மூக்குக் குறடு. அதைப் பையில் வைக்க மாட்டேன் என்பதுதான் விஷயம். ஒருமுறை மீன் கடைசித் துள்ளலில் கொக்கியின் ஒரு முனையை என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஏற்றிவிட்டது. மற்றொரு முனை இன்னும் மீன் வாயில். குறடு பைக்குள், பை முதுகில், இடதுகையோ மீனைப் பிடித்திருக்கிறது. துடிக்கும் மீனோடு கைகோத்தபடி கரைவரை நடந்தேன். அங்கே நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவர்தான் என் பைக்குள் கைவிட்டுக் குறட்டை எடுத்துக் கொக்கியை வெட்டினார். சதைக்குள் இருந்த துண்டை மருத்துவர் எடுத்தார், டெட்டனஸ் ஊசியும் போட்டார். ஆழமாக ஏறியதை நீங்களே பிடுங்காதீர்கள். கண்ணருகே என்றால் தொடவே வேண்டாம்.

இப்போது குறடு இடுப்புவாரில், வலது பக்கம், சுருள்கயிற்றில் தொங்குகிறது. இடதுகையும் எட்டுகிறதா என்று கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.