சித்தி வச்சிருந்த டாரட் டெக்க யூஸ் பண்ணலாமா, பீரோல வச்சுப் பூட்டணுமா?

கோயமுத்தூர்லேருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. கொஞ்சம் சுருக்கிப் போடறேன் (டாரட்ங்கறது குறி பாக்க யூஸ் பண்ற 78 படச் சீட்டு இருக்கற கட்டு, அதுல ரொம்பப் பேர் போன ஒண்ணுதான் ரைடர் வெயிட்): "எங்க சித்தி லண்டன்ல நர்ஸா இருந்தாங்க, போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க கடைசி வரைக்கும் பாத்துட்டிருந்த டாரட் கட்டு எனக்கு வந்திருக்கு. ரைடர் வெயிட் டெக், ஒவ்வொரு கார்டுலயும் 1971னு போட்டிருக்கு. நெட்ல விலை தேடிப் பாத்ததுலேருந்து தொடவே பயமா இருக்கு. இன்னொண்ணு, கிரவுட்ஃபண்டிங்ல 9 ஆயிரம் குடுத்து வாங்கின லிமிடெட் எடிஷன் டெக், ஓரமெல்லாம் தங்கக் கலர், இன்னும் சீல் பிரிக்கல. இதுங்களோட அம்மாவோட கல்யாணக் கூறைப் பட்டும் பீரோல தூங்குது. எதை யூஸ் பண்றது, எதைப் பத்திரப்படுத்துறது?"

நான் பழைய பேப்பர், போட்டோ, துணி இதையெல்லாம் காப்பாத்துற வேலையில இருக்கறவன், சீட்டுக்கட்டு சேக்கற பைத்தியமும் உண்டு, அதனால இந்தக் கேள்விக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் பதில் சொல்லலாம். முதல்ல ஒண்ணு கேக்கறேன். பீரோல வச்சா பத்திரமா இருக்கும்னு யாரு சொன்னது? என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற சாமான்ல பாதிக்கு மேல யாரும் தொட்டுக் கெட்டதில்ல, பத்து வருஷம் யாருமே தொடாம உள்ளேயே கிடந்து கெட்டதுதான். பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கிட்டது, சுவத்த ஒட்டிப் போட்ட பீரோவுல ஓதம் ஏறினது, இப்படித்தான்.

சரி, சித்தியோட டெக்குக்கு வருவோம். அந்த 1971ங்கறது அச்சடிச்ச வருஷம்னு நினைச்சிருக்கீங்க, இது எல்லாரும் பண்ற தப்புதான். அது இந்தக் கட்டப் போடற யூ.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட காப்பிரைட் வருஷம். அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சு அடிச்ச கட்டுலயும் அதே 1971தான் இருக்கும், அதனால கார்ட வச்சு மட்டும் வயசு சொல்லவே முடியாது. பெட்டியையும் உள்ள இருக்கற குட்டி புக்கையும் பாருங்க. பார்கோடு இருந்துச்சுன்னா அது 71ல வந்த பெட்டி கிடையாது, ஏன்னா கடையில பார்கோட முதல் தடவ ஸ்கேன் பண்ணதே 1974லதான். புக்குல கம்பெனி அட்ரஸ் நியூயார்க்னு இருந்தா பழசு, கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டுன்னு இருந்தா அதுக்கு அப்புறம் வந்தது. நீங்க நெட்ல பாத்துப் பயந்த விலையெல்லாம் பெரும்பாலும் 1909லயும் அதை ஒட்டியும் லண்டன்ல ரைடர் கம்பெனி போட்ட முதல் பதிப்புகளுக்கும், அப்புறம் பெட்டி புக்கு எல்லாத்தோடயும் கசங்காம இருக்கற கட்டுகளுக்கும்தான். சித்தி தினமும் கலைச்சு ஓரமெல்லாம் மெத்துனு ஆன கட்டுக்கு அந்த விலை வராது. இதைச் சொன்னா சில பேருக்கு முகம் வாடிடும், ஆனா உங்களுக்கு இது நல்ல சேதி. விக்கப் போற பொருளா இருந்தாத்தான அந்தத் தேய்மானம் நஷ்டம், உங்களுக்கு அது சித்தியோட கை பட்ட இடம். படமும் ஒண்ணும் அழிஞ்சு போற படம் இல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச அதே 78 படம் இன்னிக்கும் புதுசா அச்சாகி வித்துட்டுத்தான் இருக்கு.

அதனால என் பதில் இது: சித்தியோட டெக்க எடுத்துப் பாருங்க, ஆனா தினசரி குறி பாக்கறதுக்கு வேணாம். அதுக்கு ஒரு புது ரைடர் வெயிட் வாங்கி வச்சுக்கோங்க, அதை எப்படி வேணா கலைங்க, காபி கொட்டினாலும் பரவால்ல. சித்தி கட்ட மாசத்துக்கு ரெண்டு தடவையோ, உங்களுக்கு ரொம்ப வேணுங்கறப்பவோ எடுங்க.

ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி 78 கார்டையும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணிடுங்க, போன்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்தாக்கூட போதும், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் உள்ள வைக்கறப்ப எண்ணி வைங்க. ஒரு கட்டுக்கு நிஜமான சாவு தேய்மானத்துல வர்றதில்ல, ஒரே ஒரு கார்டு சோபாவுக்கு அடியில போறதுலதான் வருது. உலகத்துலயே பேர் போன பழைய டாரட் எதுன்னு கேட்டா மிலான்ல 15ஆம் நூற்றாண்டு நடுவுல தங்கத் தகடு ஒட்டிக் கையால வரைஞ்ச விஸ்கான்டி ஸ்ஃபோர்சா கட்டுன்னு சொல்வாங்க (அப்ப இதெல்லாம் ஆடற சீட்டுதான், குறி பாக்கற பழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்லதான் சூடு பிடிச்சுது). அதுல இப்ப மிச்சம் 74. டெவில், டவர், நாணய நைட், மூணு வாள், இந்த நாலும் இல்ல. இருக்கற 74லயும் 35 நியூயார்க் மார்கன் லைப்ரரியில, 26 இத்தாலி பெர்காமோ ஊர் மியூசியத்துல, 13 அந்த ஊர்க் குடும்பம் ஒண்ணுகிட்ட. கார்டோட தலைமாட்டுல ஆணி அடிச்ச ஓட்டை வேற இருக்கு, யாரோ சுவத்துல மாட்டி அழகு பாத்திருக்காங்க போல. ஓட்டையோட அது தப்பிச்சிடுச்சு, தொலைஞ்ச நாலு என்ன பண்ணாலும் திரும்பி வரல.

கலைக்கறதப் பத்தி. ரம்மி ஆடறவங்க மாதிரி ரெண்டு பாதியா வளைச்சு சர்ருனு விடறத இந்தக் கட்டுல பண்ணவே கூடாது, பழைய அட்டை நடுவுல முறிஞ்சு வெள்ளைக் கோடு விழும், அந்தக் கோட்ட என்னால கூட எடுக்க முடியாது. தரையில பரப்பிப் பிசையறதும் மூஞ்சியெல்லாம் கீறல் போடும். கையில வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மேல போடற சாதா கலைப்பு போதும், கீழ ஒரு கெட்டித் துணி விரிச்சுக்கோங்க. கை கழுவி நல்லாத் துடைச்சிருக்கணும். முக்கியமா தலைக்கு எண்ண வச்ச அன்னிக்கு எடுக்காதீங்க.

இப்ப ஒரு சண்டைக்கு வர்றேன். டாரட் பாக்கறவங்க டெக்க "சுத்திகரிப்பு" பண்றேன்னு பண்ற வேலையெல்லாம் பாத்தா எனக்கு வயிறு கலங்குது. நம்பிக்கையில நான் கை வைக்கல, அட்டையோட கஷ்டத்த மட்டும் சொல்றேன். கட்ட உப்புல புதைச்சு வைக்கறாங்க. உப்பு காத்துலேருந்து ஈரத்த உறிஞ்சும், காத்துல ஈரம் 75 சதவீதத்தத் தாண்டினா தானாவே கசிஞ்சு தண்ணியாகும், நம்ம ஊர் மழைக்காலத்துல அது சர்வ சாதாரணம், அப்ப நீங்க கட்ட உப்புத் தண்ணியில ஊறப் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். சாம்பிராணி ஊதுபத்திப் புகை காட்டறது, அதுல எண்ணெயும் கரியும் சேந்து படியும், ஒரு வருஷத்துல வெள்ளையெல்லாம் பழுப்பாயிடும். பௌர்ணமிக்கு மொட்டை மாடியில ராத்திரி முழுக்க வைக்கறது, நிலா வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது, பனி பண்ணும். ஜன்னலுக்கு உள்பக்கமா வைங்க, நிலா அங்கயும் வரும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கணும்னா பெட்டி மேல ஒரு பேப்பர் போட்டு அதுல வைங்க, கார்டுல பட்ட குங்குமம் போகவே போகாது.

எங்க வைக்கறதுன்னு கேட்டா, ரப்பர் பேண்டு கூடவே கூடாது, நம்ம வெயிலுக்கு ரெண்டே வருஷத்துல உருகிப் புடிச்சுக்கும். அதுல இருக்கற கந்தகமும் கெடுதல்தான். லேமினேஷன் பண்ணித் தரேன்னு யாராவது சொன்னா கட்டத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுங்க. பிளாஸ்டிக் கவர்ல போடறதுன்னா அடியில முக்கோணத்துக்குள்ள 5னு நம்பர் இருக்கற பாலிப்ரொப்பிலீனா பாத்து வாங்குங்க, 3னு இருந்தா பிவிசி, அது நாளாக நாளாகப் பிசுபிசுன்னு கசிஞ்சு அச்சு மையைத் தூக்கிடும். துவைச்ச பருத்தித் துணியில சுத்தி மூடி இருக்கற 5 நம்பர் டப்பாவுல வச்சாலே எக்கச்சக்கம், கூட ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட். ஆரஞ்சு கலர் வாங்குங்க, ஈரம் குடிச்சதும் பச்சையாகும், அப்ப எடுத்துக் காய வச்சுட்டுத் திரும்பப் போடலாம். அதுக்காக நாலஞ்சு பாக்கெட் போட்டு அமுக்க வேணாம், ரொம்பக் காஞ்சா கார்டு வளைஞ்சுக்கும். அந்துருண்டை வேணாம். டப்பா வெளிச்சுவத்த ஒட்டி இருக்கற அலமாரியில வேணாம், கீழ்த் தட்டுலயும் வேணாம். கீழ்த் தட்டு ஏன் வேணாம்னா, 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எங்க வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி வந்துச்சு, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற நான் என் தாத்தாவோட போட்டோ ஆல்பத்தக் கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டியில வச்சிருந்தேன். அதுக்கு மேல அதப் பத்திப் பேச வேணாம்.

மாசத்துக்கு ரெண்டு தடவ எடுக்கச் சொன்னதுக்கு ஒரு காரணம் இதுதான். எடுத்தாத்தான் ஈரம், பூச்சி எல்லாம் முளைக்கறப்பவே கண்ணுல படும். சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வச்ச புக்க விஜயதசமியன்னிக்கு எடுத்துப் படிச்சே ஆகணும்னு நம்ம வீட்டுல சொல்வாங்கல்ல, எனக்கு அந்த ரூல் ரொம்பப் பிடிக்கும்.

அந்த 9 ஆயிரம் ரூவா டெக். இதுல நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியல, பிரிச்சிடுங்க. விலை ஏறும்னு வச்சிருக்கீங்கன்னா அது சூதாட்டம், அந்த ஆர்ட்டிஸ்டே நாளைக்கு ரெண்டாவது பதிப்பு போட்டா உங்க சீலுக்கு மதிப்பு இறங்கிடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், சீல் கவர் வெயில்ல இன்னும் இறுகி அட்டைப் பெட்டியோட மூலைய வளைச்சிடும், தங்கக் கலர் ஓரம் போட்ட கார்டு புதுசுலயே ஒண்ணோட ஒண்ணு லேசா ஒட்டியிருக்கும், அதை வருஷக் கணக்கா நம்ம சூட்டுல ஈரத்துல அழுத்தி வச்சா இன்னும் கெட்டியா ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கறப்ப தங்கம் செதில் செதிலா வரும். பிரிச்சதும் கட்டா வளைக்காம ஒவ்வொரு கார்டா மெதுவா ஒதுக்கி எடுங்க, பக்கவாட்டுல இழுங்க, மேல் நோக்கிப் பிய்க்காதீங்க. முதல் கொஞ்ச நாள் கையெல்லாம் மினுக்கும், அது அப்படித்தான். விக்கறதுதான் உத்தேசம்னு முடிவாயிட்டா பிரிக்காதீங்க, இப்பவே வித்துடுங்க, மனசு வராதுன்னா அப்ப அது உங்களுக்கானது.

கூறைப் பட்டுக்குக் கணக்கு வேற. இங்க பணமோ சென்டிமென்டோ முடிவு பண்ண முடியாது, துணியோட தெம்புதான் முடிவு பண்ணணும். சேலைய நல்ல வெளிச்சத்துல கட்டில் மேல விரிச்சு, அத்தன வருஷமா மடிச்ச கோடு இருக்குல்ல, அதை மட்டும் உத்துப் பாருங்க. கோட்டுல இழை விட்டுப்போய்ச் சின்னச் சின்னக் கீறலா தெரிஞ்சா அதைக் கட்டவே கூடாது, இடுப்புல சொருகி உக்காந்த மாத்திரத்துல டர்ருனு போயிடும். அப்படி இருந்தா ஒரு அட்டை உருளையில பழைய வேட்டி சுத்தி, அது மேல சேலைய மடிப்பே இல்லாம சுருட்டி வச்சிடுங்க. இழை உறுதியா இருந்தா தாராளமாக் கட்டுங்க, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ கட்டினா பட்டு ஒண்ணும் ஆகாது. ஜரிகைக்கு எதிரி வேர்வையும் சென்டும், நல்ல ஜரிகைன்னா உள்ள வெள்ளி இருக்கும், அது கறுத்துப் போகும். அதனால சென்ட் அடிச்சு முழுசாக் காஞ்சப்புறம் சேலையக் கட்டுங்க. அவுத்ததும் மடிக்காதீங்க, ஒரு ராத்திரி நிழல்ல காத்தாட விடுங்க. கஞ்சி போடாத வேட்டித் துணியில சுத்தணும், கஞ்சி இருந்தா வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவ மடிப்ப மாத்தி மடிங்க, பழைய கோட்டுலயே திரும்ப மடிச்சா மாத்தினதுக்கு அர்த்தமே இல்ல. பழைய பட்ட எடுத்துக்கறோம்னு தெருவுல கூவிட்டு வர்றவங்க ஜரிகையில இருக்கற வெள்ளிக்காகத்தான் வாங்கறாங்க, சேலைய எரிச்சுத்தான் எடுப்பாங்க, அம்மாகிட்டயும் சொல்லி வைங்க.

உங்க லெட்டர் கடைசியில பொண்ணுக்குத் தை மாசம் காதுகுத்துன்னு எழுதியிருந்தீங்க. மடிப்புக்கோடு நல்லா இருந்தா அன்னிக்கே கட்டுங்க, தை மாசத்துல வேர்வையும் அவ்வளவா இருக்காது. குழந்தையத் தாய்மாமன் மடியில உக்கார வச்சுடுவாங்க, நீங்க பக்கத்துல நின்னா போதும். குத்தறப்ப அது முந்தானையத்தான் இறுக்கிப் புடிக்கும், அதனால முந்தானைய முன்கூட்டியே இடுப்புல சொருகிக்கோங்க.