டிசம்பரில் ஒரு கடிதம், ஜனவரியில் ஒரு கடிதம்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் ஆறு வருடமாகக் கற்பிக்கிறேன். சம்பளம் 25,000 ரூபாய். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுக்குச் சம்பளம் கிடையாது. விடுகை விழா முடிந்ததும் 'சேவை முடிவடைகிறது' என்று கடிதம் தந்து கையொப்பம் வாங்குவார்கள். ஜனவரியில் புது நியமனக் கடிதம் வரும். உரிமையாளருக்குத் தெஹிவளையிலும் ஒரு கிளை உண்டு. அயர்லாந்தில் இதே வேலை செய்யும் என் மச்சாள் கோடை லீவில் அரசிடம் உதவிப்பணம் எடுக்கிறாள். எங்களுக்கும் அப்படி ஏதும் உண்டா?

பதில்: இல்லை, சகோதரி. அயர்லாந்தில் அரசின் இலவச முன்பள்ளித் திட்டம் வருடத்துக்கு 38 வாரம்தான். மிச்ச வாரங்களில் அங்குள்ள ஆசிரியைகள் பலர் வேலை தேடுவோருக்கான கொடுப்பனவுக்குப் பதிகிறார்கள். இலங்கையில் அப்படியொரு நிதியே இல்லை.

ஆனால் உங்கள் வேலை டிசம்பரில் உண்மையாகவே முடிகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. லீவில் கதிரைகளுக்குப் பெயின்ட் அடிக்கவும், புதுப் பிள்ளைகளின் அனுமதிப் படிவம் எழுதவும் வரச் சொல்லியிருப்பார்களே, அந்த வட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று உரிமையாளர் வாதிடுவார். சேவை தொடர்ந்தது என்று காட்ட உங்களுக்கு அவைதான் கைகொடுக்கும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஆறு மாதச் சராசரியில் 15 பேராவது வேலை செய்யும் இடத்தில், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல், ஒழுக்காற்றுக் காரணம் தவிர, யாரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. தற்காலிகமாக வேலை தராமல் விடுவதும் இதில் அடங்கும். இரண்டு கிளையையும் சேர்த்து எண்ணுங்கள்; ஆயாவையும் வான் சாரதியையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் வருடா வருடம் போடும் கையொப்பத்தைத்தான் அந்தச் சம்மதம் என்று காட்டுவார்கள். இனி, 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதித் திகதி போடுங்கள். ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பணிக்கொடையும் இதில்தான் தங்கியிருக்கிறது. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேரும். டிசம்பர் கடிதம் உடைக்கப் பார்ப்பது அந்தத் தொடர்ச்சியைத்தான். ஆகவே கைச்செலவுக்கு என்று லீவில் ஊழியர் நம்பிக்கை நிதியை (ETF) எடுக்கப் போகாதீர்கள். வேலை முடிந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சம்பளமும் குறைவு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் 8 வீதத்தோடு உரிமையாளரின் 12 வீதமும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஜனவரியில் திரும்ப எடுக்காவிட்டால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 'அடுத்த தவணைக்கு எடுக்கிறோம்' என்ற வாக்கை நம்பி அந்தக் காலத்தைக் கடக்க விடாதீர்கள்.