கிராடோலித் தெரு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அவரைக் கடத்திய ரெட் பிரிகேட்ஸ் என்ற தீவிர இடதுசாரி ஆயுத இயக்கத்தோடு இத்தாலிய அரசு பேச மறுத்ததால்தானே அவர் செத்தார்? அவரை அடைத்துவைத்திருந்த கிராடோலித் தெரு வீட்டு வாசல்வரை போலீஸ் போய்த் திரும்பியது என்கிறார்களே, உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

போலீஸ் போனது உண்மை. ஆனால் மோரோ அங்கே இல்லை. கடத்தியவர்கள் பின்னாளில் சொன்னபடி, அவர் இருந்தது மொண்டால்சினித் தெருவில். கிராடோலித் தெரு 96ஆம் எண் கட்டடத்தில் தங்கியிருந்தவர் மாரியோ மொரெட்டி, மோரோவை விசாரித்த ஆள். அவரைப் பின்தொடர்ந்திருந்தால் மோரோ கிடைத்திருப்பார்.

1978 மார்ச் 16 காலை, ரோமில் கடத்தல். கம்யூனிஸ்டுகள் ஆதரவோடு பிரதமர் ஆந்திரேயோத்தியின் அரசு நம்பிக்கை வாக்கு கோரவிருந்த நாள் அது. அந்த இணக்கத்தை உருவாக்கியவரே மோரோ. ஃபானி தெருவில் தாக்கியவர்கள் விமான ஊழியர் சீருடையில் நின்றார்கள். அந்த முனையில் வழக்கமாகப் பூ விற்பவர் வந்துவிடக் கூடாதென்று, முந்தைய இரவே அவர் வண்டியின் டயர்களைக் கிழித்துவிட்டார்கள். மோரோவின் ஃபியட் 130 குண்டு துளைக்காத கார் அல்ல. காவலர் ஐவரும் செத்தார்கள்.

மார்ச் 18ஆம் தேதியே போலீஸ் கிராடோலித் தெரு மறைவிடத்தின் கதவைத் தட்டியது. யாரும் திறக்கவில்லை, திரும்பிவிட்டார்கள். ஏப்ரலில் ‘கிராடோலி’ என்ற பெயரே வந்து சேர்ந்தது. ஆவியை அழைத்துக் கேட்டதில் வந்த பெயர் என்றார்கள் சில பேராசிரியர்கள். பிற்காலப் பிரதமர் ரொமானோ ப்ரோடியும் அவர்களில் ஒருவர். (தகவல் தந்தவரைக் காப்பாற்றச் சொன்ன கதை என்றே நினைக்கிறேன்.) போலீஸ் போனதோ வித்தெர்போ பக்கத்துக் கிராடோலி கிராமத்துக்கு!

ஏப்ரல் 18இல் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகி, தீயணைப்புப் படை வந்துதான் அந்த வீடு வெளிப்பட்டது. போலீஸ் சத்தமில்லாமல் உள்ளே காத்திருக்க வேண்டிய நேரத்தில் சைரனும் கேமராவும். மொரெட்டி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மோரோவை விட வேண்டுமானால் சிறையிலிருந்த 13 கைதிகளை விடுவிக்கச் சொன்னார்கள் கடத்தியவர்கள். ஆளுங்கட்சியான மோரோவின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் மறுத்தார்கள். சோஷலிஸ்ட் தலைவர் கிராக்ஸி மட்டும் வழி தேடிப் பார்த்தார். அந்த மறுப்பைக்கூட ஒரு கொள்கை என்று என்னால் ஏற்க முடியும். பேச மாட்டேன் என்கிற அரசு ஒழுங்காகத் தேடவாவது வேண்டாமா? சிறையிருந்து மோரோ எழுதிய கடிதங்களை ‘இது அவர் மனம் அல்ல’ என்று ஒதுக்கியது அவருடைய கட்சிதான்.

மே 9 அன்று கயத்தானித் தெருவில், சிவப்பு ரெனோ 4 காரின் பின்பகுதியில் உடல் கிடந்தது. மோரோவின் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி இரண்டின் தலைமையகங்களும் அருகில்தான். குடும்பம் அரசு மரியாதையை மறுத்து, தொர்ரித்தா திபெரினாவில் அடக்கம் செய்தது. மே 13இல் ரோமில் நடந்த இரங்கல் திருப்பலியில் போப் இருந்தார், தலைவர்கள் இருந்தார்கள், உடல் இல்லை.